இரண்டு பக்கமும் அறுக்கிற அலகு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைவிட என் விரல்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். நான் ரேந்தை, அதாவது லேசு, பின்னுகிறவள். மிஷன் தோட்டத்தில் இருந்த நீளமான கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் வைத்த திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவோம். பின்னிய ரேந்தை கப்பலேறிச் சீமைக்குப் போய் யாருடைய கழுத்திலோ மணிக்கட்டிலோ உட்காரும். அப்படிப்பட்ட விரல்கள் தச்சு வேலைக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த சில மாதங்களில் தேங்காய் நார்க் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டு என் அம்மா அழுதாளாம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதை அம்மாவிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நெய்யூருக்குப் பக்கத்தில் சின்ன ஊர். மரத்தில் துளை போடுகிற கருவியை எங்கள் பக்கத்தில் தமர் என்பார்கள். கடைந்தெடுத்த ஒரு மரத் தண்டு, அதன் அடியில் இரும்பு அலகு, தலையில் கவிழ்த்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. சின்னத் துளைகளை வில்லால் இழுத்து ஒற்றை ஆளாகவே போட்டுவிடலாம். பெருவிரல் நுழைகிற துளை என்றால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சிரட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, தண்டில் சுற்றிய கயிற்றின் இரண்டு முனைகளையும் மற்றவர் பிடித்து, பால் கறக்கிற மாதிரி இந்தக் கையும் அந்தக் கையுமாக இழுக்க வேண்டும். அலகு ஒரு தடவை இந்தப் பக்கமும் மறு தடவை அந்தப் பக்கமும் சுழன்று மரத்தைச் சுரண்டிக்கொண்டு இறங்கும்.

என் கொழுந்தன் கண்டிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவரை கயிறு இழுத்தது அவர்தான். அவர் போன பிறகு ஒருநாள் நான் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும்போது, என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல், “இதக் கொறச்சு நேரம் இழுப்பியா?” என்றார். கல்யாணம் ஆன பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சோறு போதுமா என்று நான் கேட்டதும், போதும் என்று அவர் சொன்னதும்தான் எங்கள் பேச்சு.

அவர் அப்படிப்பட்ட மனிதர். நானோ வாயாடி. ரேந்தைக் கூடத்தில் பேசக்கூடாது என்று சட்டம் இருந்தும் என் வாயை அடைக்க யாராலும் முடியவில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு வந்த பிறகு என் வாயும் அடங்கிப்போனது. மாமி இருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் அங்கே இல்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நானும் மாமியும் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். போகிற வழியிலும் அவர் முன்னால் போவார், மாமி நடுவில், நான் பின்னால். அவருடைய முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். முகம்தான் சரியாகத் தெரியாது.

கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தபோது அந்த முகம் எனக்கு நேர் எதிரே வந்தது. அவர் குனிந்து துளையைப் பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். அதை யாரும் குறை சொல்ல முடியாது, வேலை அப்படி. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்ததை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். மரத்தூள் பறந்து இமைகளில் மஞ்சளாகப் படியும். கையை எடுக்க முடியாததால் அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அதை உதிர்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும். நான் சிரித்தால் கயிறு தளரும், கயிறு தளர்ந்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்போது எங்கள் சபைக்கு ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. கோயிலில் நற்கருணை வாங்குகிறவர்கள் முழங்கால் போடுகிற இடத்தில் மர அழித் தடுப்பு வைக்க வேண்டும். மேலே ஒரு நீளச் சட்டம், கீழே ஒரு நீளச் சட்டம், நடுவில் கடைந்த கம்புகள். கம்புக்கு ஒரு துளையாக இரண்டு சட்டத்திலும் போட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லாம் அயனி மரம். அறுப்பின் பண்டிகைக்குள் முடித்துத் தருவதாக அவர் சபையாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டை ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பில் எங்கள் வேலை. காலையில் ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் என் கைகள் என்னுடையவையாக இருக்காது. கயிறு தானாகப் போய்த் தானாக வரும். தமரின் முனகல் மட்டும் காதில் இருக்கும். ஆடி மாதக் காற்று திசை மாறி அடித்தால் அந்த முனகலுக்கு அடியில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடலின் இரைச்சலும் கேட்கும். இரண்டும் கலந்து எது எதுவென்று தெரியாமல் போகும். நான் கண் திறந்தபடியே கனவு காண்பேன். கனவில் பெரிதாக ஒன்றும் வராது. ஒரு வழியில் நடந்துகொண்டிருப்பேன், அவர் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவ்வளவுதான் கனவு. துளை மறுபக்கம் திறக்கிறபோது சத்தம் மாறும், அப்போது விழித்துக்கொள்வேன்.

துளை போட்டு முடித்த சட்டத்தை அவர் வெயிலில் தூக்கி நிறுத்துவார். தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். சட்டத்தைத் திருப்பினால் வட்டங்கள் நகர்ந்து அவர் பாதத்தில் ஏறும், பிறகு என் பாதத்தில் ஏறும். துளை நேராக விழுந்திருக்கிறதா என்று அவர் பார்க்கிற முறை அது. நான் என் காலில் விழுந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோழி ஒன்று அவற்றை நெல்மணி என்று நினைத்துக் கொத்திவிட்டு ஏமாந்து போகும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கண்டியிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் மூலம் கொழுந்தன் ஒரு பொருள் கொடுத்தனுப்பினார். எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு சீமை அலகு. அது மாதிரி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. உடம்பு முழுக்க முறுக்கு, முனையில் கூர்மையான சின்னத் திருகு. கையில் எடுத்தால் நகை மாதிரி இருந்தது. மாமி அதை வாங்கி முந்தானையால் துடைத்து, “எனக்க எளைய மவன் அனுப்பினது” என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அதை எங்கள் தண்டில் பொருத்தினோம். நான் கயிற்றை இழுத்தேன். அலகு வெண்ணெயில் இறங்குவது போல மரத்துக்குள் இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது. மறு கையால் இழுத்தேன். அலகு அப்படியே வெளியே வந்துவிட்டது. மறுபடி இழுத்தால் உள்ளே, மறுபடி இழுத்தால் வெளியே. திருகு ஒரு பக்கம் சுற்றினால்தானே உள்ளே போகும்? எங்கள் கயிறோ இரண்டு பக்கமும் சுற்றுகிறது. இது எங்கள் இரண்டு பேருக்கும் உடனே உறைக்கவில்லை. அவர் இன்னும் பலமாக அழுத்தினார், நான் இன்னும் வேகமாக இழுத்தேன். அன்று காலை முழுவதும் அந்த அலகு ஒரே துளையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“என்னத்துக்குச் சிரிக்கா?” என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார்.

“ஒண்ணும் இல்ல மாமி. உங்க எளைய மவன் மாதிரியே இரிக்கு. போறேன்னு சொல்லும், போவாது” என்றேன். கொழுந்தன் கண்டிக்குப் புறப்பட்டுப் புறப்பட்டுத் திரும்பி வந்த கதை ஊருக்கே தெரியும்.

என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கை சாய்ந்தது, திருகு மரத்தைப் பிளந்தது, அலகின் மூக்கு உள்ளேயே ஒடிந்து நின்றது. சிரட்டையிலும் ஒரு விரிசல் விழுந்தது. எங்கள் பழைய அலகு ஏற்கெனவே தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது. சட்டத்தில் பாதிக்கு மேல் துளை பாக்கி. பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை மாமி பேச்சை எடுத்தார். பக்கத்து ஊர்த் தச்சர் சீமைத் தமர் வாங்கிவிட்டாராம். வளைந்த இரும்புக் கைப்பிடி உள்ளது. அதை நெஞ்சோடு அணைத்து ஒரே பக்கமாகச் சுற்றினால் திருகுமூக்கு அலகு அழகாக இறங்கும். கயிறும் வேண்டாம், இழுக்க ஆளும் வேண்டாம்.

“ஒத்த ஆளு போதுமாம். நீயும் ஒண்ணு வாங்கிப் போடு மக்கா” என்றார் மாமி. “இவளும் லேசு வீட்டுக்குப் போகட்டு. அங்கயுள்ள மிஷன் அம்மா ரெண்டு தடவ ஆள் விட்டாச்சு. நல்ல வெரலு, கயிறு இழுத்து நாசமாப் போவுது பாத்தியா?”

மாமி சொன்னதில் தப்பே கிடையாது. என் உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. ரேந்தை நூல் அதில் சிக்கிக்கொள்ளும். கூடத்துக்குத் திரும்பினால் வருமானமும் உண்டு, மரியாதையும் உண்டு. எந்த வகையில் பார்த்தாலும் அதுதான் நல்ல யோசனை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விடிந்ததும் கிளம்பிப் போய் அந்தத் திண்டின் மேல் குனிந்து, இருட்டுகிறபோது திரும்பி வந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் கோயிலுக்கு நடக்கிற வாழ்க்கை கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்த முகம் மறுபடியும் எனக்குத் தெரியாத முகமாகிவிடும். புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து கயிறு இழுக்க ஆசையாக இருக்கிறது என்று எந்தப் பெண் மாமியாரிடம் சொல்லுவாள்? ஊரே சிரிக்கும். 

என் வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். “பாப்போம்” என்றார். அந்த மனிதரிடம் எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு பதில்தான் உண்டு.

மறுநாள் தமர் வாங்கக் கோட்டாற்றுக் கடைவீதிக்குப் புறப்பட்டோம். என்னைக் கூட அனுப்பியது மாமிதான். “இவனுக்கு வெல பேசத் தெரியாது. கடக்காரன் சொன்னதக் குடுத்துட்டு வருவான். நீயும் கூடப் போயிட்டு வாட்டீ. உனக்க நாக்குக்கு அவன் கொறச்சு எறங்குவான்” என்றார். என்னை வேலையைவிட்டு நீக்குகிற கருவிக்கு நானே போய் விலை பேச வேண்டும். இதைவிட நல்ல கூத்து வேறு உண்டா என்று நினைத்துக்கொண்டே ஒரு துண்டு அயனிக் கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டேன். வாங்குகிற அலகை மரத்தில் குத்திப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

திங்கள்சந்தையில் பஸ் ஏறினோம். அவர் முன் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்தார், நான் பின்னால் பெண்களோடு. முதல் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வயல்களில் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குள் வானமும் தென்னைகளும் தலைகீழாக வந்துகொண்டிருந்தன. பார்வதிபுரம் வந்தபோது வடக்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. அடிவாரம் மட்டும் தெரிந்தது, உச்சி இல்லை. பஸ்ஸின் ஆட்டத்தில் என் கைகள் மடியில் கிடந்தபடியே ஒன்று மாற்றி ஒன்று இலேசாக அசைந்துகொண்டிருந்ததை, பக்கத்தில் இருந்த அம்மாள் உற்றுப் பார்க்கிறபோதுதான் கவனித்தேன். கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அழவில்லை, தலைவலி என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

இரும்புக்கடை நீளமானது, இருட்டானது. வாசல் வெளிச்சம் முதல் சில சாக்குகள் வரைக்கும் வந்து நின்றுவிடும். அதற்கு அப்பால் ஆணி, கீல், மண்வெட்டி, சங்கிலி எல்லாம் ஒரே கறுப்பாகக் கிடந்தன. கடைக்காரர் தடித்த மனிதர், சிரித்த முகம்.

“வாரும் மேஸ்திரி. என்ன வேணும்?”

“தமர் அலகு பாக்கணும் அண்ணாச்சி.”

கடைக்காரர் சீமைத் தமர் ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார். அதோடு ஒரு தட்டு நிறையத் திருகுமூக்கு அலகுகள். பெரியது, சின்னது என்று எல்லா அளவிலும் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டும் வந்தது. கட்டாக எடுத்தால் மலிவு என்றார்.

“நீயே பாரு” என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

எனக்குள்ளே இரண்டு பெண்கள் சண்டை போட்டதாக இப்போது சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். உண்மையில் சண்டையே நடக்கவில்லை. கையில் இரும்பு வந்ததும் நான் மற்றதெல்லாம் மறந்துபோனேன். ரேந்தைக்குக் குண்டூசி பொறுக்கிய கை அது. ஊசியில் மயிரளவு கோணல் இருந்தால் ரேந்தையில் பூ கோணும். வளைந்த ஊசியோடு என்னால் ஒரு நாளும் ஒத்துப்போக முடிந்ததில்லை.

முதலில் அந்தக் கட்டின் கயிற்றை அவிழ்த்தேன். நல்லது நாலு என்றால் உதவாதது அதைவிட அதிகம் இருந்தது. “எங்களுக்கு இந்த அளவெல்லாம் எதுக்கு? மாட்டி வச்சு அழகு பாக்கவா?” என்று கட்டைத் தள்ளி வைத்தேன். வேண்டாத எட்டு மலிவாகக் கிடைப்பதைவிட வேண்டிய ஒன்று நன்றாக இருப்பதுதான் லாபம். பிறகு தட்டுக்கு வந்தேன். பளபளவென்று மின்னியதை முதலில் ஒதுக்கினேன், மெருகு கீறலை மறைத்துவிடும். மேலே லேசாகத் துரு ஏறியிருந்ததைக் கழிக்கவில்லை, துருவைத் துடைத்தால் போகும். ஒவ்வொன்றாக எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விரலில் உருட்டினேன். முனை தள்ளாடினால் கீழே வைத்தேன். தள்ளாடாததை ஆணியால் தட்டிக் காதருகே கொண்டுபோனேன். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். நல்லது என்றால் சிணுங்கிக்கொண்டே இருக்கும். மூக்குத் திருகின் பள்ளத்தில் நகத்தை ஓட்டி, எங்கேயாவது தட்டுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் என் கையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அப்படி ஒரு அலகு. கடைக்காரரே அதைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

“உம்ம வீட்டுக்காரி கடையையே சலிச்சிருவா போலிருக்கே” என்று சிரித்தார்.

“சலிக்க வேண்டியதை நீங்க சலிக்காம வச்சிருந்தா நான் என்ன செய்ய அண்ணாச்சி?” என்றேன்.

சிரித்துக்கொண்டே அந்த அலகை வாங்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நான் செய்திருக்கிற காரியம் எனக்கு உறைத்தது. அந்தத் தட்டிலேயே ஆகச் சிறந்த அலகைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். அது பல வருஷம் உழைக்கும். அத்தனை வருஷமும் அவர் தனியாக நின்று சுற்றுவார், நான் கூடத்தில் இருப்பேன். கொஞ்சம் கோணலானதை நல்லதென்று சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை என்றுகூடச் சொல்ல மாட்டேன், அந்த நினைப்பே வரவில்லை. கடையின் இருட்டில் எல்லாம் என்னைவிட்டு விலகிப் போவது போல இருந்தது. தெருவில் வண்டிமாட்டின் மணிச் சத்தம் வெகு தூரத்தில் கேட்டது.

அவர் அந்த அலகை நெடுநேரம் பார்த்தார். விரலில் உருட்டினார். காதருகே வைத்துத் தட்டினார். “நல்ல அலகு” என்றார். பிறகு அதைத் தட்டில், இருந்த இடத்திலேயே, மெதுவாக வைத்தார்.

“அண்ணாச்சி, திருகுமூக்கு வேண்டாம். ரெண்டு பக்கமும் அறுக்கது உண்டுமா?”

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும் முதலில் புரியவில்லை.

“வேல் மொன அலகா? கொல்லன் அடிச்சதா?” என்றார் கடைக்காரர். “அது கயிறு போட்டு இழுக்கதுல்லா? இப்பம் எல்லாரும் இதத்தான் வே வாங்குதான். நாள் முழுக்க நீரு ஒத்தையில நின்னு வேல பாக்கலாம்.”

“அது தெரியும். வேல் மொன இருந்தா எடுங்க.”

அவர் குரலை உயர்த்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. அதை நான் பார்த்தேன். கயிறு இழுத்த நாட்களில் அந்த முகத்தை அவ்வளவு பார்த்திருந்ததால்தான் எனக்கு அது தெரிந்தது.  ஆணிச் சாக்கு ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

கடைக்காரர் உள்ளே போய், மூலையில் கிடந்த ஒரு நார்ப்பெட்டியை இழுத்து வந்தார். தூசியும் ஒட்டடையும். உள்ளே உள்ளூர்க் கொல்லர்கள் அடித்த தட்டையான அலகுகள், வேலின் முனை மாதிரி இரண்டு பக்கமும் சரிவு வைத்தவை.

“நீயே எடு” என்றார் என் வீட்டுக்காரர் மறுபடியும். இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.

 ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். தேய்ந்த அரத்தைப் பழுக்க வைத்து அடித்ததா என்று அலகின் கழுத்தில் பார்த்தேன். எங்கள் பழைய அலகில் பார்த்தது மாதிரி, அரத்தின் குறுக்குக் கோடு எங்காவது மங்கலாக மிஞ்சியிருக்கும். மிஞ்சியிருந்தால் உருக்கு, நம்பி வாங்கலாம். முனை வைக்கோல் நிறத்தில் இருப்பதை எடுத்து, நீலம் பாரித்ததைக் கழித்தேன், அது சீக்கிரம் மழுங்கும். இரண்டு சரிவும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் அலகு ஒரு பக்கம் மட்டும் அறுக்கும், மறு பக்கம் சும்மா போய் வரும், இழுக்கிறவளின் பாதி உழைப்பு வீண். முந்தானையை அவிழ்த்து அயனிக் கட்டையை எடுத்தேன். அவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் அலகை ஊன்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருகினேன். இரண்டு பக்கமும் தூள் விழுந்தது.

விலை பேச வேண்டிய நேரம் வந்தது.  கடைக்காரர் சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்தோம். மாமி கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை.

பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்கும்போது கேட்டேன். “அந்தச் சீமத்தமர ஏன் வாங்கல்ல?”

 “நமக்கு அது லாபம் இல்ல” என்றார்.

 கடைவீதியில் கூட்டம் இருந்தது. அவர் எப்போதும்போல முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு சந்து திரும்புகிற இடத்தில் நின்றார். நான் வரட்டும் என்று நிற்கிறார் என்றுகூட எனக்கு உடனே தெரியவில்லை. அங்கிருந்து பஸ் வரைக்கும் பக்கத்தில் நடந்தோம். சாய்ப்பில் கயிறு இழுத்தபடி கனவில் நான் எத்தனையோ தடவை நடந்த வழி அது. ஈரத் தரையில் எங்கள் இரண்டு நிழலும் ஒன்றாகப் போனதையும், கருவாட்டு நாற்றத்தையும், யாரோ ஒரு குழந்தையைத் திட்டிக்கொண்டிருந்ததையும் இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

வீடு வந்து சேர்ந்தபோது மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பொதியை அவிழ்த்து அலகைத் தரையில் வைத்தார். மாமி துருவுவதை நிறுத்தினார். அலகைப் பார்த்தார். பிறகு வெறுங்கையாக நிற்கிற மகனைப் பார்த்தார்.

“சீமத்தமரு எங்க?”

“வாங்கல்ல.”

“இது பழைய சாதனம்லா. இதுக்கு ரெண்டாளு வேணுமே மக்கா?”

“ஆமா. அதுக்குத்தான் வாங்கினேன்.”

சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குக் கால் கழுவப் போய்விட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியின் பார்வை என் முதுகில் இருப்பது தெரிந்தது. என்ன திட்டு வரப்போகிறதோ என்று காத்திருந்தேன்.  தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடி கேட்டது. அந்த மூடியை ஒட்டத் துருவி முடித்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாமி சிரட்டையை என் பக்கம் நீட்டினார்.

“தமருக்க பழைய செரட்ட பொளந்துல்லா கெடக்கு” என்றார். “காலம்பற இத மாத்திப் போடச் சொல்லு.”